மஞ்சள் சீட்டு, எண் நான்கு

1

இது எழுதவேண்டும் என்று தோன்றி எழுதுகிற கதை இல்லை. எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு, ஆவணப் பரிசோதனைக் கூடத்தின் இரண்டாவது மாடியில், நானாக எழுதிய இரண்டு மூன்று பக்கங்களைக் கொடுக்கவேண்டும்.

"ஸ்கூல் நோட்டு வேணாம். அது டீச்சருக்காக எழுதினது. உனக்காக எழுதினது ஏதாவது இருக்கா? டைரி மாதிரி?" என்று பரிசோதகர் மேடம் கேட்டார்.

என்னிடம் டைரி இல்லை. இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது ராத்திரி மணி பதினொன்று.

நான் என்ன எழுதுகிறேன் என்பது அவருக்கு முக்கியமில்லை. பேனாவை எங்கே தூக்குகிறேன், எங்கே அழுத்துகிறேன், சுழியை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறேன் என்பதுதான் வேண்டும். அப்படியென்றால் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாமே என்று நினைத்தேன்.

பசு ஒரு சாதுவான விலங்கு. அதற்கு நான்கு கால்கள், ஒரு

முடியவில்லை. கை நடுங்குகிறது. நடுங்கினால் எழுத்தும் நடுங்கும், அதையும் அவர் குறித்துக்கொள்வார். ஆகவே சொல்லிவிடுகிறேன், சொன்னால் கை நிதானத்துக்கு வரும். அப்பா பெயரில் வந்த ஐந்து கடிதங்களை எழுதியது நான்தான். எனக்குப் பதினாறு வயது. வேறு யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

2

எங்கே தொடங்குவது?

நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் மெதுவாக

இல்லை. அந்தக் கப்பலை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததை எழுதி எழுதித்தான் இங்கே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று

இதுவும் வேண்டாம். அழுகிற மாதிரி போகிறது.

சரி, நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். அம்மா வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதிலேயே தூங்க ஆரம்பித்தாள். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். கடலில் இருக்கும்போது போன் எடுக்காது. அதனால் கடிதம் எழுதி, விடுமுறைக்கு ஊர் திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அவர்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். தபால்தலை இருக்காது, முத்திரை இருக்காது. அப்படி நான்கு கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகு கம்பெனியிடமிருந்து ஒரு தாள் வந்தது. ஒரு துறைமுகத்தில் அப்பா கரைக்கு இறங்கினாராம். கப்பல் கிளம்பும்போது திரும்பி வரவில்லையாம். அவ்வளவுதான். இருபத்தாறு மாதம் ஆகிறது.

அம்மா தையல்கூடத்துக்குப் போவாள், வருவாள், நாற்காலியில் உட்காருவாள். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் வெளிச்சம் மாறினால்கூட எழுந்து நிற்பாள். பக்கத்து வீட்டுப் பூனைக்காக எத்தனை தடவை எழுந்தாள் என்று நான் எண்ணியிருக்கிறேன்.

[இந்த இடத்தில் அம்மாவின் முகத்தை வர்ணிக்கவேண்டும். பிறகு செய்கிறேன்.]

மூன்று மாதம் பார்த்தேன். பிறகு, வேறொரு கப்பலில் ஏறிவிட்டதாக அப்பா சொல்வதுபோல் ஒரு கடிதம் எழுதி, பள்ளிக்குக் கிளம்புகிற மாதிரி வெளியே போய், அதைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

3

எப்படி எழுதினேன் என்பதைச் சொல்லவேண்டும். கேட்பார்கள்.

அப்பாவின் நான்கு கடிதங்களையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பழகினேன். அவர் வார்த்தையை முழுக்க எழுதிவிட்டு, கடைசியில் திரும்பி வந்து புள்ளிகளை வைப்பார். அவசரத்தில் அவை புள்ளியாக இருக்காது, சாய்ந்த கோடாக இருக்கும். ஒன்றிரண்டை வைக்கவே மறந்திருப்பார். எல்லாம் கற்றுக்கொண்டேன். மறப்பதைக்கூடக் கணக்காக மறந்தேன், பத்து வரிக்கு ஒன்று. கடைசியில் போடுகிற கையெழுத்து மட்டும் வரவேயில்லை. அதற்காக அவருடைய நான்காவது கடிதத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் என் காகிதத்தை வைத்து, வெயிலில் கோடு தெரியத் தெரிய அப்படியே இழுத்தேன்.

அம்மா அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். பிறகு எனக்குப் படித்துக் காட்டினாள். அன்று ராத்திரி படுக்கையில் தூங்கினாள்.

அப்புறம் நான் எப்படி நிறுத்துவது?

மூன்றாவது கடிதத்தில், சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா என்று கேட்டிருந்தேன். அதாவது, அப்பா கேட்டிருந்தார். அம்மா உடனே மாமாவுக்கு போன் போட்டாள். மாமா அம்மாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.

"எட்டு மாசமா நான் சொல்றேன், குழாயை மாத்துக்கான்னு. காதுலயே போட்டுக்கலை. இப்ப அவரு கப்பல்ல இருந்துக்கிட்டு உத்தரவு போட்டதும் ஸ்பேனரோட வான்னு சொல்றே!"

"அவர் கேட்டிருக்கார்டா. வந்து பார்த்தா என்ன நினைப்பார்?"

"வந்தா சரி. மொதல்ல வரட்டும், நான் வீட்டையே மாத்தறேன்."

மாமா குழாயைக் கழற்றும்போது அம்மா பக்கத்தில் நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டுவது நின்றது.

4

பிறகு அந்த அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. காணாமல்போனவர்களைத் தேடுகிற அலுவலகம். இரண்டு வருடத்துக்கு மேலாகத் தகவல் எதுவும் இல்லாததால் தேடுதல் கோப்பை மூடப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும் என்று இருந்தது.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது மேஜைமேல் அந்தத் தாள் மட்டும் கிடந்தது. அலமாரியில் கடிதங்கள் வைத்திருந்த டப்பா திறந்திருந்தது.

"எங்கேம்மா லெட்டர் எல்லாம்?"

"குடுத்துட்டு வந்துட்டேன். தகவல் இல்லையாமே! என்ன தைரியம் இருந்தா எழுதுவாங்க? 'இந்தாங்க, படிச்சுப் பாருங்க, உயிரோட இருக்கற மனுஷன் எழுதினது'ன்னு முகத்துக்கு நேரா வச்சுட்டு வந்தேன்."

வாயைத் திறந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கதாபாத்திரத்தைத் தைரியசாலியாக ஆக்கிவிடுவார்கள். நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்:

"அம்மா, அதை எல்லாம் எழுதினது நான்தான்," என்று அவள் தலை நிமிர்ந்து

அடித்துவிட்டேன். நான் போய் முகம் கழுவினேன். நடந்தது அதுதான்.

அலுவலகம் கடிதங்களைப் பரிசோதனைக்கு அனுப்பியது. பொய்க் கடிதம் என்று தெரிந்தால் கோப்பு மூடப்படும். பொய்க் கடிதம் கொடுத்ததற்காக அம்மாமேல் வழக்கும் வரும். கூப்பிட்டனுப்பிய தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். அம்மா படிக்கவில்லை. நான் படித்தேன்.

5

குடும்பத்தில் எழுதத் தெரிந்த எல்லோரும் வரவேண்டும் என்றார்கள். அம்மா, மாமா, நான்.

"என் எழுத்தை டெஸ்ட் பண்ணினா, நான் நான் இல்லைன்னே ரிசல்ட் வரும்," என்றார் மாமா. "ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேற மாதிரி விழுது. பாஸ்போர்ட்டுக்கு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க."

"பேசாம உட்காருடா," என்றாள் அம்மா. தலையை இரண்டு தடவை வாரியிருந்தாள். அப்பாவையே பார்க்கப் போகிற மாதிரி.

ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்கக்கூடாது. தனித்தனி அறை. எனக்கு முன்னால் பரிசோதகர் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும், ஜலதோஷம், கைக்குட்டையை மணிக்கட்டு வளையலில் செருகியிருந்தார். ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏதோ வீடு மாற்றுவது பற்றிய பத்தி. ஆனால் நடுநடுவே 'குழாய்', 'எஞ்சின்', 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று என் கடிதங்களின் வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. முடித்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதே பத்தியைத் திரும்பச் சொல்வார். முன்னால் எழுதியதைப் பார்த்து எழுத முடியாது. இப்படிப் பன்னிரண்டு தடவை.

முதல் தாளில் எழுத்தை இடது பக்கம் சாய்த்து எழுதினேன். குண்டு குண்டாக. இரண்டாவதிலும் அப்படித்தான். நான்காவதில் விரல் வலித்தது. ஏழாவது தாளில் என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை.

பன்னிரண்டும் முடிந்ததும் அவர் முதல் தாளையும் ஏழாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது நீ எழுதினது," என்றார். "இது உன் கை எழுதினது." தும்மினார். "தண்ணி குடிக்கிறியா?"

6

பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்லவேண்டும். இங்கேதான் எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

பெரிய அறைக்குக் கூட்டிப் போனார். வடக்குப் பக்கம் ஜன்னல், நீண்ட வெள்ளை மேஜை, ஒரு நுண்ணோக்கி. மேஜையில் கடிதங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடி உறைக்குள் இருந்தன. அப்பாவுடைய பழைய நான்கில் நீலச் சீட்டு. சந்தேகத்துக்குரியவற்றில் மஞ்சள் சீட்டு, தேதிப்படி எண்.

கையெழுத்துகளை மெல்லிய பிளாஸ்டிக்கில் படம் எடுத்து வைத்திருந்தார். நீலத்தின் நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். சிக்கு விழுந்த நூல் மாதிரி இருந்தது. பிறகு மஞ்சளில் ஐந்து கையெழுத்துகளை அடுக்கினார். ஒரே ஒரு கையெழுத்து மட்டும் தெரிந்தது.

"அஞ்சு தடவை போட்டிருக்கார், ஒரு தடவைகூட அசையல. எந்த மனுஷனும் இப்படிப் போட மாட்டான்."

எனக்கு அப்போது பயம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. நீலத்தின் நான்கும் நான்கு நாள். ஒருநாள் அவசரம், ஒருநாள் கப்பல் ஆடியிருக்கும், ஒருநாள் சாப்பிட்ட கை. என்னிடம் இருந்ததெல்லாம் அந்தக் கடைசி நாள் அப்பா மட்டும்தான். அவரையே ஐந்து தடவை இழுத்திருக்கிறேன்.

அடுத்து ஒரு கறுப்புப் படத்தைக் காட்டினார். காகிதத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, மின்சாரம் ஏற்றி, கரித்தூளைத் தூவுவார்களாம். மேல் பக்கத்தில் எழுதிக் கிழித்துவிட்டாலும், அந்த அழுத்தம் அடிப் பக்கத்தில் பள்ளமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கரித்தூளுக்குத் தெரியும். மஞ்சள் எண் இரண்டின் தாளில் பள்ளமாக இருந்தது இது:

*அப்பா நீங்க எங்க இருக்கீங்க எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு தெரியாம சும்மா எழுதறேன் எப்ப*

அந்தத் தாளை நான் கிழித்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதே தாள்கட்டில் அடுத்த தாளை எடுத்துத்தான் அப்பாவின் பதிலை எழுதினேன்.

"இது யாருன்னு எனக்குத் தெரியணும்னு அவசியமில்லை," என்றார். "காகிதத்துல இருக்கறதைத்தான் நான் எழுதுவேன். ஒத்துப்பார்க்க எழுத்து வேணும். நாளைக்குக் கொண்டு வா."

நான் எழுந்தேன். எழும்போது மேஜையைப் பார்த்தேன். மஞ்சள் ஒன்று, இரண்டு, மூன்று. என்னுடையவை. ஐந்து, ஆறு. என்னுடையவை.

மஞ்சள் நான்கு என்னுடையது இல்லை.

நான் ஐந்துதான் எழுதினேன். மேஜையில் ஆறு இருந்தன. அந்த நான்காவது ஒரு ஓரமாகத் தனியாகக் கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. கோடு போட்ட தாள், நீல மை. மடிப்புக்கு மேலே ஒரு வரி மட்டும் படிக்க முடிந்தது: 'வாலுகிட்ட இதைச் சொல்லாதே. அவ'.*

அதற்குமேல் பரிசோதகரின் அளவுகோல்.

"அதுவும்..." என்றேன்.

"அதைப் பத்தி இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது. ஆறும் ஒரே கட்டா வந்திருக்கு. அஞ்சு பொய்னா, ஆறாவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கட்டோட மூடிடுவாங்க. அஞ்சும் இன்னாரோடதுன்னு நான் எழுத முடிஞ்சா, மிச்சம் ஒண்ணு தனியா நிக்கும். அதைத் தனியாப் பார்ப்பேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பத்து மணி. லேட்டா வராதே."

* வாலு என்பது நான். அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். என் ஐந்து கடிதங்களிலும் 'வாலு எப்படி இருக்கா' என்று நானே என்னை விசாரித்துக்கொண்டேன். அதனால் அம்மாவுக்கும் அந்தப் பேர் பழகிவிட்டது.

7

பரிசோதகர் உண்மையிலேயே அவ்வளவு பேசினாரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. முதலில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதினேன், கூர்மையான மூக்கு, குளிர்ந்த கண்கள் என்றெல்லாம். அடித்துவிட்டேன். அவர் மூக்கு சாதாரண மூக்கு, சிவந்திருந்தது. பிறகு ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? 'பத்து மணி' என்று அவர் சொன்னது மட்டும் நிச்சயம். மேடம், நீங்கள் இதைப் படித்தால், தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

மஞ்சள் நான்கை யார் எழுதியிருப்பார்கள்?

அப்பா எழுதியிருக்கலாம். அப்படியென்றால் போன வருடம் அவர் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியக்கூடாத எதையோ அம்மாவிடம் சொன்னார். அதனால்தான் அம்மா அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. மற்ற எல்லாவற்றையும் படித்துக் காட்டியவள்!

அம்மா எழுதியிருக்கலாம். கோப்பு மூடப்போகிறார்கள் என்றதும், இருப்பது போதாது என்று நினைத்து, தானும் ஒன்றை எழுதி நடுவில் செருகியிருக்கலாம்.

(மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அப்பாவோடு வேலை பார்த்த யாரோ, பாவம் பார்த்து எழுதியிருக்கலாம். இதை எழுதும்போது கை தானாக மெதுவாகிவிட்டது. பார்த்திருப்பீர்கள்.)

இந்தப் பக்கங்களை நான் கொடுத்தால் என்னுடைய ஐந்தும் எனக்கு வந்து சேரும். நான்காவது தனியாக நிற்கும். அது அப்பா எழுதியதென்றால் கோப்பு திறந்திருக்கும், தேடுவார்கள். அம்மா எழுதியதென்றால் அவளை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால் ஆறும் சேர்ந்து மூழ்கும், அம்மாமேல் வழக்கு வரும், அப்பாவை யாரும் தேட மாட்டார்கள்.

முடிவு ஒன்று: கொடுத்துவிட்டேன்.

முடிவு இரண்டு: விடிவதற்குள் பசு மாட்டுக் கட்டுரையை இடது பக்கம் சாய்த்து

முடிவு மூன்று: அம்மாவை எழுப்பி, அம்மா, நான்காவது

எழுப்பவேண்டியதில்லை. சமையலறையில் விளக்கு எரிகிறது. கொஞ்சம் இருங்கள்.

8

அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"இன்னும் தூங்கலையாடி?"

"நீ தூங்கலையே."

"எனக்கும் ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நான் எழுதி வச்சது என்ன இருக்கு? தையல்கூடத்துல அளவு குறிக்கிறது, உன் ரிப்போர்ட் கார்டுல கையெழுத்து. மத்ததெல்லாம் போன்ல பேசி அனுப்பறதுதான். என்னத்த எழுதறது?"

"என்ன வேணா எழுதலாம்மா."

"நீ என்ன எழுதற?"

"கதை. ஒரு பொண்ணைப் பத்தி."

"அவளுக்கு என்னவாம்?"

"தூக்கம் வரலை."

"அப்ப நிஜக் கதைதான்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியாது.

"அம்மா. அதுல அஞ்சு நான் எழுதினது."

அவள் டம்ளரை வைத்தாள். கத்தவில்லை. ஏதோ துணியின் தையலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"குழாயைப் பத்திக் கேட்டிருந்தாரே?"

"நான்மா."

"எனக்கு மணிக்கட்டு வலி எப்படி இருக்குன்னு?"

"நான்தான்."

"கடல்ல மூணு நாள் விடாம மழைன்னு..."

"நான்."

"ராத்திரி எஞ்சின் சத்தத்துல என் பாட்டு கேட்குதுன்னு எழுதியிருந்தாரே, அது?"

தலையை ஆட்டினேன்.

டம்ளரை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "தாடி?" என்றாள். "தாடி வச்சிருக்கேன்னு வந்துச்சே. நான் தாடியோடதானேடி அவரை நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அதுவும் நான்தான்மா."

அம்மா தன் தாடையைத் தடவிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமலே கை போனது. ஐந்தும் முடிந்துவிட்டது. அடுத்ததைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"பேப்பர் இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன்.

"பேனா?"

வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன். அதனால் இங்கிருந்து பென்சில். மன்னிக்கவும் மேடம், அழுத்தம் வேறு மாதிரி தெரியும்.

அம்மா காகிதத்தை நேராக வைத்தாள். ஓரத்தைக் கட்டை விரலால் நீவினாள். அவள் முழுப் பக்கம் எழுதி நான் பார்த்ததே இல்லை. அவள் வார்த்தையை எப்படி எழுதுவாள், புள்ளியை எப்போது வைப்பாள், சுழியை எந்தப் பக்கம் சுற்றுவாள், எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவின் எழுத்து எனக்கு மனப்பாடம். அவளால் அதை எழுத முடியுமா முடியாதா என்பது இரண்டு வரி பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். தலைகீழாகவே படிப்பேன்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன்.

எழுத ஆரம்பித்துவிட்டாள். பேனா நகர்கிற சத்தம் கேட்கிறது. நிற்கிறது. மறுபடி நகர்கிறது. அந்தச் சத்தம்கூடக் கேட்காமலிருக்கப் பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து அவள் பக்கம் தெரியும். என் தோளுக்கு மேலே எட்டிப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இதை அச்சில் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அச்சில் எல்லோருடைய எழுத்தும் ஒன்றுதான். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது வேண்டாம்.

மணி இரண்டு. பத்து மணிக்கு அம்மா அவள் பக்கங்களைக் கொடுப்பாள், நான் என் பக்கங்களைக் கொடுப்பேன். இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் அந்த ஆறில் ஒரு கடிதமாவது அப்பா எழுதியது.